கூப்பனின் மறுபக்கம்

மில்வாக்கி நகரத்தில் நோர்பர்ட் ஃபெல்ஸ்கி என்றொருவர் இருந்தார். அவருடைய தலையை நாடு முழுவதும் பார்த்திருந்தது. அவரை யாரும் பார்த்ததில்லை.

தலை வெளிவந்த இடம் காமிக்ஸ் புத்தகங்களின் கடைசித் தாள். எலும்பு தெரியும் கண்ணாடி, கை குலுக்குபவரைத் துள்ள வைக்கும் விசை, அரிப்புத் தூள், பெட்டிக்குள்ளிருந்து குரல் வரச் செய்யும் கருவி என்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்ற சரக்குகளுக்கு நடுவே, டைட்டஸ் பிராண்ட் உடல்வளக் கழகத்தின் விளம்பரமும் ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது. அதில் இரண்டு படங்கள். இடப்பக்கம் 'முன்': விலா எலும்புகள் தெரிய, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கும் ஒரு நோஞ்சான். வலப்பக்கம் 'பின்': தோள் திரண்டு, மார்பு விரிந்து, சிறுத்தைத் தோல் உடுத்தி நிற்கும் மல்லன். அடியில் தடித்த எழுத்தில், "நானும் ஒருகாலத்தில் இந்த எலும்புக்கூடுதான். இன்று என்னைப் பாருங்கள். டைட்டஸ் பிராண்ட்."

டைட்டஸ் பிராண்ட் என்று ஒருவரும் கிடையாது.

கதை இவ்வளவுதான். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில், பார்சல் கட்டும் வேலை கேட்டு நோர்பர்ட் அந்தக் கழகத்தின் படியேறி வந்தார். முதலாளி ஷூர்மன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார். வேலைக்கு முன் உடற்பரிசோதனை போலும் என்று நினைத்து நோர்பர்ட்டும் கழற்றினார். வந்தவர் மருத்துவர் அல்லர், புகைப்படக்காரர். அதுதான் 'முன்'. மிச்சிகன் ஏரிக்கரையில் குளிப்போரைக் காக்கும் ஓர் இளைஞனின் உடம்பைப் படமெடுத்து, அதன்மேல் நோர்பர்ட்டின் தலையை வெட்டி ஒட்டினார்கள். அதுதான் 'பின்'. இரண்டு படங்களும் ஒன்றையொன்று பார்த்து நின்றால் அழகாயிருக்கும் என்று ஒட்டுகிறவர் தலையைத் திருப்பிப் போட்டார். அதனால் நோர்பர்ட்டின் இடக் கன்னத்து மச்சம் டைட்டஸின் வலக் கன்னத்துக்குப் போய்விட்டது.

இது ஷூர்மனுக்குத் தெரியவில்லை, வாசகர் யாரும் எழுதிக் கேட்கவுமில்லை. நோர்பர்ட்டுக்கு மட்டும் ஒருநாள் முகம் மழிக்கும்போது தெரிந்தது. கண்ணாடியில் மச்சம் டைட்டஸுக்கு இருந்த பக்கத்தில் இருந்தது. கழுத்துக்கு மேலே டைட்டஸ். கீழே, பனியனுக்குள், தாம். அன்றுமுதல் அவர் கழுத்துவரை மட்டும் தெரியும்படி ஒரு சிறிய கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். தனியறை, ஒற்றைக் கட்டில், ஒரே ஒரு காப்பிக் கோப்பை. இந்த வீட்டுக்கு அந்தக் கண்ணாடி போதுமானதாகவே இருந்தது.

பார்சல் கட்டுவதிலிருந்து நோர்பர்ட் கடிதப் பிரிவுக்கு உயர்ந்திருந்தார். தபாலில் உடற்பயிற்சிப் பாடம் வாங்கும் மாணவர்கள் எழுதும் கடிதங்களுக்கு டைட்டஸ் தாமே பதில் எழுதுவார் என்பது விளம்பரத்தின் வாக்கு. அதற்கு ஷூர்மன் ஒரு முறை வகுத்திருந்தார். பதில்களுக்கு வேண்டிய பத்திகளெல்லாம் முன்பே எழுதப்பட்டு எண்ணிடப்பட்டிருந்தன. நோர்பர்ட் கடிதத்தைப் படித்து, உறையின் மேல் சிவப்புப் பென்சிலால் எண்களைக் குறிப்பார். தட்டச்சுக்காரி டோலோரஸ் அந்த எண்களுக்குரிய பத்திகளைத் தட்டச்சு செய்து, டைட்டஸின் கையெழுத்து முத்திரையைக் குத்துவாள். நான்காம் பத்தி சோர்ந்தவர்களுக்கு: "தசை புல்லைப் போல வளர்கிறது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் வளர்வது தெரியாது." ஒன்பதாம் பத்தி பெண்கள் சிரித்துவிட்டார்கள் என்று எழுதுகிறவர்களுக்கு. பதினொன்றாம் பத்தி தனியாட்களுக்கு: "எனக்கு எழுதுங்கள், நண்பரே. உங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் நானே படிக்கிறேன்." பதினொன்றாம் பத்தி கிடைத்தவர்கள் அடுத்த பாடத்தொகுப்பைத் தவறாமல் வாங்கினார்கள் என்பதால் ஷூர்மனுக்கு அந்தப் பத்தியின் மேல் தனிப் பிரியம்.

நாளடைவில் அலுவலகத்தில் அது ஒரு சொல்லாகிவிட்டது. யாருமில்லாதவரைக் குறிக்க 'பதினொன்று' என்றார்கள். மதிய உணவின்போது ஓரத்து மேசையில் நோர்பர்ட் ஒற்றையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்சல்காரர்கள் எதற்காகச் சிரித்துக்கொண்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல.

அந்த ஓரத்து மேசையில் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பாடத்தில் சேர மாணவர்கள் விளம்பரத்திலிருந்து கத்தரித்து அனுப்பும் கூப்பன்களைத் திருப்பிப் பார்ப்பார். விளம்பரம் அச்சான தாளின் மறுபக்கத்தில் ஏதோ ஒரு படக்கதையின் கடைசிக் கட்டம் இருக்கும். கூப்பனை வெட்டும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும். ஆகவே நோர்பர்ட்டுக்கு நூற்றுக்கணக்கான கதைகளின் முடிவு தெரியும். ஒன்றின் தொடக்கமும் தெரியாது. எங்கெங்கோ இருந்தவர்களுக்குத் தொடக்கம் தெரியும். முடிவைத்தான் அவர்கள் தங்கள் கையாலேயே வெட்டி அனுப்பியிருந்தார்களே.

ஆர்விட் டோலெஃப்சன் மாநிலத்தின் வடகோடியில் பாலிலிருந்து வெண்ணெய் எடுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். மூன்று ஆண்டுகளாக மாதந்தோறும் எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தங்கள் புயத்தின் சுற்றளவை எழுதுவார்கள். ஆர்விட் எழுதியதோ வேறு: ஏரி உறையும்போது என்ன ஓசை வருகிறது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் யாருக்கு இருமல், வீட்டுக்கு வந்ததும் வானொலியை எதற்காக முதலில் போடுகிறார் என்பன. நோர்பர்ட் அந்த உறைகள்மேல் நான்கு, ஆறு, பதினொன்று என்று குறிப்பார். வேறு என்ன குறிப்பது? ஆனால் கடிதத்தை அறைக்கு எடுத்துப்போய்க் காப்பியோடு இன்னொரு முறை படிப்பார். அவருக்கு வேறு கடிதம் வருவதில்லை. இதுவும் அவர் பெயருக்கு வந்ததல்ல. ஆனாலும் இது நின்றுபோனால் பிறகு ஒன்றுமில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

"நோர்ப், உன் பதினொன்னு வந்திருக்கு," என்று மாசி மாதக் குளிரில் ஒரு காலையில் டோலோரஸ் உறையை நீட்டினாள். அதில் ஆர்விட், வரும் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வருவதாகவும், டைட்டஸின் கையைக் குலுக்கிவிட்டு அன்று மாலையே திரும்பிவிடுவதாகவும் எழுதியிருந்தார். தபால் தாமதமாகியிருந்தது. வெள்ளிக்கிழமை என்பது மறுநாள்.

வருகிறவர்களுக்கு என்ன சொல்வதென்பதற்கும் ஷூர்மன் வழி வைத்திருந்தார். டைட்டஸ் கலிபோர்னியாவுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி, அடுத்த தொகுப்பின் விவரத்தாளைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். நோர்பர்ட் அன்று முழுவதும் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் நண்பர் திரும்பிப் போய்விடுவார். உண்மையைச் சொன்னால் கடிதம் நின்றுபோகும்.

மறுநாள் வேலை முடியும் நேரத்தில் கதவு திறந்தது. உள்ளே வந்த மனிதருக்குக் கதவு சற்றுக் குறுகலாகிவிட்டது போலிருந்தது. விளம்பரத்து மல்லனைவிட அரைச் சாண் அகலம். பால் கேன்களைத் தூக்கித் தூக்கி வந்த தோள்கள் அவை. எந்தப் பாடத்திலும் வந்தவையல்ல. தொப்பியிலும் புருவத்திலும் பனித்தூள்.

நோர்பர்ட் எழுந்தார். "டைட்டஸ் பிராண்ட் இப்போ கலிபோர்னியா..." என்று தொடங்கினார்.

வந்தவர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு முகத்துக்குக் கீழே, தளர்ந்து தொங்கிய சட்டையைப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"வேண்டாம், மிஸ்டர் பிராண்ட். எங்கிட்ட எதுக்கு மறைக்கிறீங்க," என்றார் தாழ்ந்த குரலில். நோர்பர்ட்டின் கையை, உடைந்துவிடக்கூடிய ஒன்றைப் போல, இரு கைகளாலும் எடுத்துக்கொண்டார். "எவ்வளவு நாளா உடம்பு சரியில்ல?"

டோலோரஸின் தட்டச்சு ஓசை நின்றது. பார்சல் மேசையிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

அந்த நொடியில் நோர்பர்ட் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தார். ஆனால் அவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அந்தக் கேள்வியை வந்த வழியே திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

"கொஞ்ச நாளா," என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் இறைச்சிக்குப் பதில் மீன் உண்பது அந்நகர வழக்கமானபடியால் மூலை மதுக்கடையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். நகரம் முழுவதும் அங்கேதான் இருந்தது. குடும்பங்கள் மேசைகளை நிறைத்திருந்ததால் இவர்கள் இருவரும் நீண்ட மேடையருகே முக்காலிகளில் உட்கார நேர்ந்தது. எதிரே பாட்டில்களுக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. பெர்ச் மீனும், உருளைக்கிழங்கு அடையும், ஆப்பிள் கூழும் வந்தன. ஆர்விட் தம் தட்டிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து நோர்பர்ட்டின் தட்டில் வைத்தார். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை.

"ஒரே கடுதாசி மூணு தரம் வந்துச்சு. எழுத்துக்கு எழுத்து அதே. அப்பவே நினைச்சேன், மனுஷன் முடியாம கிடக்கிறாரு, பழைய நகலை எடுத்து அனுப்பறாங்கன்னு."

நோர்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். மூன்று தரமும் ஒரே எண்களைக் குறித்த கை அவருடையது.

"தப்பா நினைக்கல. ஒரே கடுதாசிதான், ஆனா நான் ஒவ்வொரு தரமும் வேற வேற பதில் எழுதினேனே," என்று சொல்லி ஆர்விட் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, முழங்கையால் மெல்ல இடித்து, "சாப்பிடுங்க. தசை புல்லு மாதிரிதான் வளரும். உக்காந்து பாத்துட்டிருந்தா தெரியாது," என்றார்.

அது நான்காம் பத்தி. சற்று நேரத்தில் ஆறாம் பத்தி வந்தது. பெண்கள் சிரிப்பதைப் பற்றிய ஒன்பதுகூட வந்தது, நாலு இருக்கை தள்ளி யாரோ சிரித்தபோது. நோர்பர்ட் ஆயிரக்கணக்கான உறைகளின்மேல் பென்சிலால் கீறியனுப்பிய சொற்கள், எங்கோ வடக்கே பனிக்காலமெல்லாம் ஒரு மனிதருக்குள் கிடந்து சூடேறி, இப்போது அவரிடமே திரும்பிவந்தன. அவற்றில் இவ்வளவு சூடு இருக்கக்கூடும் என்று அவர் நினைத்ததில்லை.

உடம்பை வளர்க்க நீங்கள் ஏன் எங்களிடம் வந்தீர்கள் என்று நோர்பர்ட் கேட்டார். ஆர்விட்டின் புயங்களைப் பார்த்த யாரும் கேட்கக்கூடிய கேள்விதான்.

"பலத்துக்கா? அதை வச்சு நான் என்ன பண்றது, வேணுங்கிற அளவு இருக்கு." முள்கரண்டியால் அடையைப் பிளந்தபடியே சொன்னார். "முடிவெட்டற கடையில ஒரு காமிக்ஸ் கிடந்துச்சு. கூப்பன்ல கடைசி வரி, டைட்டஸ் தாமே உங்களுக்குப் பதில் எழுதுவார்னு. அதுக்காகத்தான் சேர்ந்தேன்."

அந்தக் கூப்பனால் தமக்கு ஒரு நஷ்டமும் உண்டு என்றார். மறுபக்கத்தில் ஒரு கதை முடிகிறது. கடலடியில் இறங்கிய ஒருவனுடைய காற்றுக்குழாய் அறுந்துவிடுகிறது. மேலே படகில் இருக்கும் கூட்டாளிக்கும் அவனுக்கும் ஏற்கெனவே பகை. கயிற்றை இழுப்பானா, விடுவானா என்பதுதான் கடைசிக் கட்டம். அதற்குள் கூப்பனைக் கத்தரித்துத் தபாலில் போட்டாகிவிட்டது. "மூணு வருஷமா அவன் அங்கயே, தண்ணிக்கு அடியில இருக்கான்."

பிறகு ஆர்விட் நிமிர்ந்து எதிர்க் கண்ணாடியில் பார்த்தார். பாட்டில்களுக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன.

"நேர்ல பாத்தா என்னவோ மாறின மாதிரி இருந்துச்சு. கண்ணாடியில பாக்கும்போது அப்படியே படத்துல இருக்கிற டைட்டஸ்தான்," என்று மகிழ்ந்துபோனார்.

நோர்பர்ட் தம் இடக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பஸ் நிலையத்துக்கு நடக்கும் வழியில் மூன்று முறை சொல்ல முயன்றார். முதல் முறை காற்று வாயை அடைத்தது. இரண்டாம் முறை ஆர்விட் அவருடைய கழுத்துத் துணியை இறுகச் சுற்றிவிட்டார். மூன்றாம் முறை ஆர்விட் பஸ்ஸுக்குள் ஏறி, சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாகிவிட்டது. "நான் டைட்டஸ் இல்லை" என்று நோர்பர்ட் வெளியே நின்று உரக்கவே சொன்னார். உள்ளிருந்தவர் தலையை ஆட்டிப் புன்னகைத்து, கண்ணாடியில் படிந்திருந்த ஆவியின்மேல் விரலால் எழுதுவதுபோல் காட்டினார். எழுதுங்கள் என்று பொருள்.

திங்கட்கிழமை டோலோரஸ் வரவேற்றாள்: "பதினொன்னும் பதினொன்னும் சேர்ந்து மீன் சாப்பிட்டாங்களாமே. கூட்டினா இருபத்திரண்டு. அந்த நம்பருக்கு நம்மகிட்ட பத்தியே கிடையாது, நோர்ப்."

பார்சல் மேசை சிரித்தது. நோர்பர்ட்டும் சிரித்துவைத்தார். ஆனால் அவள் விளையாட்டாகச் சொன்னது உண்மையென்று அன்று பகலெல்லாம் அவருக்குத் தோன்றிக்கொண்டேயிருந்தது. அதற்குப் பத்தி கிடையாது. இருக்க வேண்டுமானால் எழுத வேண்டும்.

மதிய இடைவேளையில் பழைய கூப்பன் பெட்டிகளைக் கிளறி ஆர்விட்டினுடையதைக் கண்டெடுத்தார். திருப்பிப் பார்த்தார். கத்தரி படத்தின் மேற்பாதியைக் கொண்டுபோயிருந்தது, தலைகள் இல்லை. படகின் ஈரப் பலகைமேல் இரண்டு ஜோடிக் கால்கள். ஒரு ஜோடி, மூழ்குவோர் அணியும் ஈயக் காலணி. பக்கத்தில் பேச்சு வளையத்துக்குள் ஒரே வரி: "வா, வீட்டுக்குப் போகலாம்." இழுத்துவிட்டான் என்று தெரிந்தது. சொன்னவன் இவனா அவனா என்று மட்டும் தெரியவில்லை.

அதைச் சேர்த்து வைத்து, தம் கைப்படக் கடிதம் எழுதினார். டைட்டஸ் பிராண்ட் என்று ஒருவர் இல்லை. தலை என்னுடையது, உடம்பு வேறொருவருடையது. எனக்கு நோயில்லை, நான் எப்போதும் இப்படித்தான். மூன்று ஆண்டுகளாக உங்கள் கடிதங்களைப் படித்தவன் நான். உறையும் ஏரியின் ஓசையை ஒருமுறை வந்து கேட்க ஆசைப்படுகிறேன். கீழே முத்திரை இல்லாமல், நோர்பர்ட் ஃபெல்ஸ்கி என்று கையெழுத்திட்டார். அந்தப் பெயரைச் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் எழுதி நெடுங்காலமாகியிருந்ததால் கடைசி எழுத்துக்கள் சற்றுக் கோணிக்கொண்டன. தபாலை அலுவலகக் கூடையில் போடாமல் தெருமுனைப் பெட்டியில் போட்டார்.

பங்குனி வந்தது. ஏரியில் பனி உடைந்தது. வடக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. காப்பியோடு படிப்பதற்குப் பழைய கடிதங்களை எடுத்துவைத்துக்கொண்டார். அவை அவருக்கு மனப்பாடமாகவே இருந்தன.

சித்திரையின் நடுவில் டோலோரஸ் ஓர் உறையை நீட்டினாள். இம்முறை கேலியாக ஒன்றும் சொல்லவில்லை. நோர்பர்ட் உறையைப் பார்த்தார். தெரிந்த கையெழுத்து. பெறுநர்: டைட்டஸ் பிராண்ட்.

உள்ளே இப்படி இருந்தது:

"அன்புள்ள டைட்டஸ், படம் கிடைத்தது. அவன் மேலே வந்துவிட்டான் என்று தெரிந்ததில் நிம்மதி. தேடி எடுத்தவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். உங்கள் அலுவலகத்தில் நோர்பர்ட் என்று ஒருவர் இருக்கிறார் போலும். அவர் எனக்கு எழுதியிருக்கிறார். நீங்கள் இல்லவே இல்லை என்கிறார். இப்படியெல்லாம் எழுதத் தோன்றுமானால் அவர் எவ்வளவு தனியாக இருக்க வேண்டும் என்று பல நாள் யோசித்தேன். அவர்மேல் கோபிக்காதீர்கள். வெள்ளிக்கிழமைகளில் அவரையும் மீன் சாப்பிட அழைத்துப் போங்கள். உங்களுக்கும் உடம்பு தேறும். ஆர்விட்."

நோர்பர்ட் அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஆர்விட் நம்பவில்லை. அல்லது நம்புவதற்கு அந்த மனிதருக்கு மனமில்லை. எதுவானாலும் நோர்பர்ட் ஃபெல்ஸ்கி எழுதிய முதற்கடிதத்துக்குப் பதில் வந்திருந்தது, வேறொருவர் பெயருக்கு. சிவப்புப் பென்சிலை எடுத்தார். உறையின் மேல் எதுவும் குறிக்காமல் கீழே வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மூலைக் கடைக்குப் போனார். அதே முக்காலி. பக்கத்து முக்காலியில் யாரோ மேலங்கியைப் போட்டிருந்தார்கள்; அவர் கேட்டதும் எடுத்துக்கொண்டார்கள். மீனும் அடையும் வந்தன. குழந்தைகள் மேசைகளுக்கு இடையே ஓடினார்கள். எதிர்க் கண்ணாடியில், பாட்டில்களுக்கு மேலே, வலக் கன்னத்தில் மச்சமுள்ள முகம் ஒன்று மென்றுகொண்டிருந்தது. அது நிறுத்தியபோது அவரும் நிறுத்தினார். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் இருவரும் எழுந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் கடிதத்தைத் தம் கையாலேயே எழுதினார்.

"அன்புள்ள ஆர்விட், அழைத்துப் போனேன். நோர்பர்ட் அதிகம் பேசுகிறவர் அல்லர். ஆனால் நன்றாகச் சாப்பிட்டார். ஏரியில் பனி உடையும்போது என்ன ஓசை வந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். எழுதுங்கள்."

கீழே, முத்திரையைத் தேடாமல், டைட்டஸ் என்று கையெழுத்திட்டார். எழுத்துக்கள் கோணவில்லை.